சுண்ணாம்புத் தூள் போடாத ஆறு குழாய்கள்

என் அன்புத் தங்கை எஸ்தருக்கு,

நீ கண்டுபிடித்தது சரிதான். இந்த வாக்கியத்தைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று மூன்று நாட்களாகத் தீர்மானித்து வைத்திருந்தேன். வேறு எதைக் கொண்டு தொடங்கினாலும் நான் முன்னுரையிலேயே நின்றுவிடுவேன். என்னோடு ஐந்து வருடம் வேலை செய்த உனக்கு அது தெரியாததல்ல.

நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதம் ஆகிறது. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் உன் கணவர் செல்லையா இப்போதும் காலை எட்டு மணிக்குக் கருப்பட்டிக் கடையைத் திறந்துவிடுகிறார். போன வாரம் அவரிடம் போய், நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உனக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன், லேபில் நடந்த ஒரு பழைய விஷயம், நான் உனக்குச் செய்த ஒரு தவறு என்று சொல்லி அனுமதி கேட்டேன். அவர் ஓலைப்பெட்டியைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"தவறா? அவ அப்பிடி ஒண்ணும் சொன்னதில்லியே சார்" என்றார்.

பதினாறு வருடம் நீ அதை வீட்டில் சொல்லவில்லை. மறைத்தாயா, அல்லது சொல்லுமளவுக்கு அது உனக்குப் பெரிதாகப் படவில்லையா? எது என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி வரும் என்றும் சொல்ல முடியவில்லை.

இதை வாசிப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். எழுபதுகளின் தொடக்கம் அது. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் பல் நோய்க் கிருமிகளை ஆராய்வதற்கு எங்களுக்கு இரண்டு அறைகள் இருந்தன. நான் விரிவுரையாளர். நீ மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிச் சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவள், லேப் டெக்னீசியன். நம் இருவருக்கும் மேலே ஒரு பேராசிரியர். பெரிய சார் என்போம்.

சொத்தைப் பல்லில் வாழும் கிருமி, நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. இது அப்போதே எல்லோருக்கும் தெரியும். தான் கக்கிய அமிலத்திலேயே கிடக்கும் அந்தக் கிருமி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. வெகுநேரம் இருக்காது, தன் புளிப்பிலேயே செத்துவிடும் என்பது பெரிய சாரின் எண்ணம். அதை வைத்து ஒரு கட்டுரையைப் பாதி எழுதியும் விட்டார்.

சோதனை முறையை வகுத்தது நான். தினமும் புதிய சர்க்கரைக் குழம்பில் கிருமியை வளர்க்க வேண்டும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிட்டிகை சுண்ணாம்புத் தூள், அதாவது சாக்பீஸ் செய்கிற வெள்ளைத் தூள், போட வேண்டும். கிருமி அமிலத்தைக் கக்கக் கக்கத் தூள் அதை முறித்துவிடும், கிருமி வாடாமல் இருக்கும். அப்படி வளர்ந்த ஆரோக்கியமான கிருமியை எடுத்துக் கடும் புளிப்பில் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சொட்டைத் தட்டில் பரப்பி, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தவை புள்ளிபுள்ளியாக முளைக்கும். எங்கள் தட்டுகளில் ஒன்றும் முளைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் கழுவி வைத்தது போல வெறுந்தட்டு. அந்தச் சுத்தத்தில் எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

நீ இரண்டாம் மாதத்திலேயே கேட்டாய்.

"சாரே, மனுசன் வாயில சோக்குப் பொடி ஆரு போடுதா?"

"வெத்திலை போடுறவங்க வாயிலே சுண்ணாம்பு இருக்கே, எஸ்தர்" என்றேன், ஹாஸ்யமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"எங்க கடைக்குச் சரக்கு கொண்டு வாற லாரிக்காரம்மாரு எல்லாம் வெத்தில போடுதவங்கதான். அவங்களுக்கும் பல்லு சொத்தைதான் சாரே" என்றாய்.

அன்றைக்கு அதைக் கேள்வியாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருட மழைக்காலத்தில் என் மனைவி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நீ தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்தாய். மூன்றாம் நாள், "அண்ணே, நீங்களும் ஒரு வாய் குடியுங்க" என்றாய். அதிலிருந்து நான் சார் இல்லை, அண்ணன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அப்படி ஒரு சொல்லை என்னை நோக்கி யாரும் சொன்னதில்லை. சந்தோஷப்பட்டேன் என்று உன்னிடம் நான் சொன்னதாக ஞாபகமில்லை.

பிறகு அந்தப் பந்த் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் பந்த் என்று செய்தி வந்ததும் எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். நீ ஆறு குழாய்களில் கிருமியை விட்டுவிட்டுச் சுண்ணாம்புத் தூள் புட்டியைத் திறந்தால் அது காலி. ஸ்டோரையும் பூட்டிவிட்டார்கள். காலையில் வந்து போட்டுக்கொள்ளலாம் என்று சூடு பெட்டியில் வைத்துவிட்டுப் போனாய். சனிக்கிழமை ஒரு பஸ்கூட ஓடவில்லை. அடுத்தது ஞாயிறு. திங்கள் காலையில் நீ திறந்தபோது, அந்தக் கிருமிகள் மூன்று இரவும் இரண்டு பகலும் தங்கள் புளிப்பிலேயே ஊறிக்கிடந்தன.

என் முறைப்படி அவற்றைக் கொட்டிவிட வேண்டும். நீ கொட்டவில்லை. குழம்பு காய்ச்ச இறைச்சிச் சாறு கிடைப்பதற்கு நாம் பட்ட பாடு உனக்குத்தானே தெரியும். "கொட்டுததுக்கு மனசு வரல்ல" என்று பிறகு சொன்னாய். மற்றவற்றைப் போலவே அவற்றையும் கடும் புளிப்பில் விட்டு, தட்டில் பரப்பி வைத்தாய்.

புதன்கிழமை என் மேஜைக்கு வந்தாய். "அண்ணே, ஒண்ணு வந்து பாருங்க."

தட்டு முழுவதும் ரவை இறைத்தது போல முளைத்திருந்தது. ஆறு தட்டிலும்.

"கண்டாமினேஷன்" என்றேன். வேறு ஏதோ கிருமி வெளியிலிருந்து விழுந்து வளர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் புரியாத எதையும் அந்த ஒரு சொல்லால் மூடிவிடலாம்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அதனால சாயம் ஏத்தி மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சிருக்கேன், பாருங்க."

பார்த்தேன். அதே சங்கிலி. மணி மணியாகக் கோத்து நிற்கும் அதே கிருமி. வேறொன்றும் இல்லை.

"இன்னொரு தடவை செஞ்சு பாரு" என்றேன். நீ அடுத்த சில வாரங்களில் நான்கு தடவை செய்தாய், சாப்பாட்டு நேரத்தில், யாரும் கேட்காமல். முதல் இரண்டு தடவை பாதிக் குழாயில் தூள், பாதியில் இல்லை. அடுத்த இரண்டில் நானே நினைத்துப் பார்க்காத ஒன்றைச் செய்தாய். கிருமியை நேராகக் கடும் புளிப்பில் விடாமல், முதலில் லேசான புளிப்பில் அரைநாள் வைத்தாய். அப்படி வைத்தவை பிழைத்தன. நேராக விட்டவை செத்தன.

"மெல்ல மெல்லப் புளிச்சா அதுக்குப் பழகிருதுண்ணே. சட்டுன்னு ஊத்தினாத்தான் சாவுது. வாயில ஆரு சட்டுன்னு ஊத்துதா? நீங்க குடிக்க சாயா மாதிரி மணிக்கு ஒருக்கக் கொஞ்சங் கொஞ்சமாத்தான எறங்குது."

அந்த நிமிஷத்தில் எனக்கு முழுவதும் புரிந்துவிட்டது. இதை இன்று ஒளிக்காமல் எழுதுகிறேன். புரியாமல் செய்த தவறு அல்ல அது. மாதக்கணக்காக நான் தூள் போட்டுப் போட்டு அந்தக் கிருமியைப் புளிப்பே தெரியாமல் வளர்த்திருக்கிறேன். பிறகு திடீரென்று அமிலத்தில் தள்ளி, பார், செத்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். எந்த மனிதன் வாயிலும் நடக்காத ஒன்றை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். தவறு என் முறையில். அந்த முறையின் மேல் நிற்கிறது பெரிய சாரின் கட்டுரை.

"சனிக்கிழமை மீட்டிங்ல நீங்க சொல்லுவியளா? நான் சொன்னா, டியூப் கழுவுதவ என்னத்தச் சொல்லுதான்னு இருக்கும்" என்றாய்.

"சொல்றேன். உன் பேரையும் சொல்றேன், எஸ்தர்."

"பேரு எதுக்குண்ணே, காரியத்தச் சொன்னா போதும்." இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினாய். "பேரும் சொன்னா ஒண்ணும் கொறஞ்சு போவாது, கேட்டியளா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சனிக்கிழமை. சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். பெரிய சார் தன் கட்டுரையை வாசித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். முடித்துவிட்டு, "வேறே எந்தெங்கிலும் உண்டோ?" என்று கேட்டு, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்பது போலச் சுற்றிலும் பார்த்தார். என் கை சட்டைப் பைவரை போனது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கீழே இறங்கிவிட்டது.

நீ கதவோரம் தட்டுகளை அடுக்கிய டிரேயோடு நின்றுகொண்டிருந்தாய். நான் சொன்னதும் எடுத்துக் காட்டுவதற்காக. பெரிய சாரே அதைக் கவனித்து, அதென்ன என்று கேட்டார்.

"அதெந்தா எஸ்தரே?"

நீ என்னைப் பார்த்தாய்.

"கண்டாமினேஷன் சார். பந்த் நாள்ல வச்ச டியூப்" என்றேன்.

"எங்கில் களஞ்ஞேக்கு" என்றார். அப்படியானால் தூக்கிப் போட்டுவிடு என்று அர்த்தம். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல வழியில்லை, எஸ்தர். கேட்டவர் அவர். நான் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ, கோபப்பட்டிருப்பாரோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தத் தட்டுகளைப் பார்த்திருப்பாரோ, யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தர்ப்பத்தை அவருக்கும் நான் கொடுக்கவில்லை.

"சரி சார்" என்றாய். அது அவரிடம் சொன்னதா, என்னிடம் சொன்னதா? தட்டுகளை நீயே கொண்டுபோய் ஆவிச்சட்டியில் வைத்து அவித்துக் கொன்றாய். நான் ரெஜிஸ்டரை எடுத்து, நீ எழுதியிருந்த ஐந்து தேதிகளுக்கு எதிரேயும் சிவப்பு மையில் அந்தப் பொய்யை எழுதினேன். முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா? பொய்யைக்கூட நான் முறையாகத்தான் செய்தேன்.

திங்கட்கிழமை வந்து, "குட்மார்னிங் சார்" என்றாய். அதன்பிறகு ஒரு தடவைகூட நீ என்னை அண்ணே என்று அழைக்கவில்லை. முகம் சுளித்ததில்லை, வேலையில் குறை வைத்ததில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சும்மா இருந்தாய், வெளியே போய் வராந்தாவில் நின்றாய். வருடம் முடிவதற்குள் புறநோயாளிகள் லேபுக்கு மாற்றல் கேட்டாய். நான் சிபாரிசு எழுதினேன். 'மிகவும் திறமையானவர், நுணுக்கமாகக் கவனிப்பவர்.' உன்னைப் பற்றி நான் எழுதிய ஒரே உண்மை, உன்னை அனுப்பிவிடுவதற்காக எழுதியது.

கடைசிவரை அங்கே சிறுநீரும் இரத்தமும் சோதித்தாய். நல்ல வேலைதான், தேவையான வேலைதான். ஆனால் கொட்ட வேண்டிய ஆறு குழாயைக் கொட்டாமல் வைத்துப் பார்த்தவளுக்கு அது போதுமா?

நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு நாள் கடைக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? கருப்பட்டி வாங்க வந்ததாகச் சொன்னேன். அதுவும் பொய். மன்னிப்புக் கேட்க வந்தேன். நீ முக்காலி எடுத்துப் போட்டு, சாயா வரவழைத்தாய்.

"சார், பல்லெல்லாம் அப்பிடியே இருக்கா?"

"மூணு போச்சு."

"சாயாக் குடி அப்பிடி. நான் அப்பமே சொன்னேன்லா" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய்.

நான் மன்னிப்புக் கேட்க நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய் என்று இன்று தெரிகிறது. நான் என்ன செய்தேன்? மழை இந்த வருடம் பிந்திவிட்டது என்றேன். சாயாவைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். உனக்குள்ளே நோய் அப்போதே தொடங்கியிருந்தது என்று செல்லையா பிறகு சொன்னார்.

இனி உனக்குச் செய்தி சொல்ல வேண்டும். இப்போது வெளிநாட்டு இதழ்களில் இதைப் பற்றி எழுதுகிறார்கள். வாரம் இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். நீ 'பழகிருது' என்று சொன்னாயே, அது எப்படிப் பழகுகிறது என்று அவர்கள் பிரித்துப் பார்க்கிறார்கள். கிருமியின் மேல்சவ்வில் பம்பு போன்ற அமைப்புகள் இருக்கின்றனவாம். உள்ளே கசியும் அமிலத்தை அவை வெளியே இறைக்கின்றன. லேசான புளிப்பு பட்டதும் கிருமி அந்தப் பம்புகளுக்குக் கூடுதலாக வேலை கொடுக்கிறது. சர்க்கரையிலிருந்து சம்பாதிக்கும் சக்தியில் ஒரு பங்கை வளர்வதற்குச் செலவிடாமல் இறைப்பதற்குத் திருப்பிவிடுகிறது. வெளியே எவ்வளவு புளித்தாலும் உள்ளே அவ்வளவு புளிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் மற்றக் கிருமிகள் ஓய்ந்துபோகும் புளிப்பிலும் இது சர்க்கரையை உடைத்துக்கொண்டே இருக்கிறது.

வாயில் வேறு வகைக் கிருமிகளும் உண்டு. அவற்றின் வழி வேறு. உமிழ்நீரில் இருக்கும் யூரியாவை உடைத்து அமோனியா செய்து, தங்களைச் சுற்றி இருக்கும் புளிப்பையே முறித்துக்கொள்கின்றன. தங்கள் சோக்குப் பொடியைத் தாங்களே அரைத்துக்கொள்கின்றன என்று நீ சொல்லியிருப்பாய். இவற்றையெல்லாம் மனிதர்களுக்கு ஒப்பிட்டு இரண்டு வரி எழுத எனக்கும் ஆசை வருகிறது. எழுதமாட்டேன். நீ கிருமியைக் கிருமியாகவே பார்த்தாய். அதனால்தான் உனக்குத் தெரிந்தது.

வாசித்தும் எனக்குத் திருப்தி வரவில்லை. சந்தேகம் என் பிறவிக் குணம். யாரோ எங்கேயோ கண்டது வேறு, நம் அறையில் நீ கண்டது வேறு அல்லவா? ஒருவேளை உண்மையிலேயே அது கண்டாமினேஷனாக இருந்து, நான் சொன்னது தற்செயலாகச் சரியாகிவிட்டால்? அப்படி ஒரு ஆசை எனக்குள் இருந்தது, எஸ்தர். வெட்கமாக இருக்கிறது. நான் குற்றமற்றவனாக, நீ தவறியவளாக இருந்துவிடக் கூடாதா என்று இந்த வயதிலும்.

அதனால் போன மாதம் பழைய லேபுக்குப் போனேன். இப்போது அங்கே விரிவுரையாளராக இருப்பது லதா என்ற இளம்பெண், மலையாளி. ஒரு மூலையும் பன்னிரண்டு குழாயும் கேட்டேன். கொடுத்தாள். ஆறில் தூள் போட்டேன், ஆறில் போடவில்லை. அதே நாள் கணக்கு, அதே புளிப்பு. பழக்கம் விட்ட கையால் இரண்டு தட்டைக் கீறிவிட்டேன், மறுபடி செய்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால், தூள் போட்டவை வெறுந்தட்டு. போடாதவற்றில் எண்ண முடியவில்லை. சாயம் ஏற்றிப் பார்த்தேன். அதே சங்கிலி.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லதா பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"கொள்ளாமல்லோ சாரே. இது இவிடெ பண்டே செய்திட்டுண்டோ? ஆரா செய்தது?" நன்றாக இருக்கிறதே, இதை முன்பே இங்கே செய்திருக்கிறார்களா, யார் செய்தது என்று கேட்டாள்.

"பழைய ஒரு டெக்னீசியன்" என்றேன்.

"பேரு?"

உன் பெயர் நாக்கில் இருந்தது. சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு ஏன் வெளியே வரவில்லை என்பது. "பழைய ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்றேன்" என்றேன்.

பார்த்தாயா? அதே அறை, அதே வாய், மறுபடியும்.

"பழைய ரெஜிஸ்டர் ஒண்ணும் இல்ல சாரே, வெள்ளையடிச்சப்போ எல்லாம் களைஞ்ஞு" என்றாள் எனக்காகத் தமிழைக் கலந்து. உன் எழுத்தும் போயிற்று, என் சிவப்பு மையும் போயிற்று. நீ செய்ததற்கு இப்போது என்னைத் தவிர இந்த உலகில் வேறு சாட்சி இல்லை. என்னைப் போன்ற ஒரு சாட்சி.

நான் அன்று சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று சில நேரம் சமாதானம் செய்துகொள்கிறேன். பின்கட்டில் இரண்டு அறை, ஒழுங்கான கருவிகள் இல்லை. யாராவது எங்காவது இதைக் கண்டுபிடித்துத்தான் இருப்பார்கள். இருக்கலாம். ஆனால் நீ அந்த அறையிலேயே இருந்திருப்பாய். அடுத்த பந்த் வந்தபோது நீ என்ன செய்து பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

வருகிற சனிக்கிழமை அவர்களுடைய மீட்டிங்கில் என்னைப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறாள் லதா. ஒப்புக்கொண்டேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் நேற்றே போய், என் பேச்சின் முதல் மூன்று வாக்கியங்களை எழுதிக் கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயர் இருக்கிறது, நீ கண்டது இருக்கிறது, நான் சொன்ன பொய் இருக்கிறது. வேறு எதையாவது சொல்லித் தொடங்கினால் என்னை நிறுத்திவிட்டு இதை நீ வாசித்துவிடு என்றேன். அவள் அங்கேயே நின்று வாசித்தாள். பிறகு, "இது ஞான் வாயிக்கேண்டி வருமோ சாரே?" என்று, இதைத் தான் வாசிக்க வேண்டி வருமோ என்று, மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலை அம்மா. வந்தா வாசிச்சிரணும்" என்றேன்.

இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த அறையில் உன் பெயர் சொல்லப்படும். யார் குரலில் என்பது ஒன்றுதான் பாக்கி, அது என் குரலாக இருக்க நான் முயல்வேன். செல்லையாவை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறார். இந்த மலர் அச்சாகி வரும்போது அந்தச் சனிக்கிழமை கடந்திருக்கும். வாசிக்கிறவர்கள் சாலைக்குப் போகும்போது அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நீ திரும்ப எடுத்துக்கொண்ட சொல்லை உன்னைக் கேளாமலே எழுதிக்கொள்கிறேன்,
உன் அண்ணன்
சிதம்பரதாணு